நரை ஏன் இல்லை என்று கேட்டார்கள்

(கும்பகோணத்தில் நூலக வார விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'எழுத்து, வாழ்க்கை, நாட்டு நடப்பு' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நூலகர் அம்மா போன் செய்தபோது, "மூன்றுக்கும் நேரம் போதாது ஐயா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள்" என்றார்கள். ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு 76 வயது ஆகிறது. இந்த மூன்றையும் மூன்று பாத்தியாகப் பிரித்து வைக்க எனக்கு வரவில்லை. பிரிக்கத் தேவையில்லை என்று ஒரு பழைய கவிஞர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு அவரை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

அவர் பெயர் பிசிராந்தையார். பாண்டிய நாட்டில் பிசிர் என்ற ஊர்க்காரர். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனுக்கும் அவருக்கும் நட்பு. நேரில் பார்த்ததில்லை. ஒருவர் குணத்தை ஒருவர் கேள்விப்பட்டே வளர்ந்த நட்பு. சோழனுடைய பிள்ளைகளே அவன் மேல் படையெடுத்து வந்தார்கள். அவனும் வாளை எடுத்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே போய் நின்றார். 'நீ ஜெயித்தால் யாருக்கு இந்த நாட்டைக் கொடுக்கப் போகிறாய்?' என்று கேட்டார். ஒரு கேள்விதான். சோழன் வாளைக் கீழே வைத்துவிட்டு, வடக்குப் பார்த்து உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். 'என் நண்பன் வருவான், பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு வையுங்கள்' என்றான். இவ்வளவு தூரம் தாண்டி எங்கே வரப்போகிறார் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்தார்கள். வந்துவிட்டார்.

வந்தவரைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம். 'எத்தனையோ வருஷமாக உங்கள் பெயரைக் கேட்டு வருகிறோம். வயதாகியிருக்க வேண்டுமே, தலையில் நரை ஏன் இல்லை?' என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் புறநானூற்றில் 191-ஆவது பாட்டு. மனைவி நல்ல குணமுள்ளவள். பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள். வீட்டில் ஏவல் செய்கிறவர்கள் நான் நினைப்பதைப் போலவே நினைக்கிறவர்கள். அரசன் முறைகேடு செய்வதில்லை. இத்தனைக்கும் மேலே, நான் வாழும் ஊரில் அடக்கமும் கொள்கையும் உள்ள பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். இவ்வளவுதான் பதில்.

இதைக் கல்லூரியில் படித்தபோது கல்யாண வாழ்த்து மடலில் போடுகிற பாட்டு என்று நினைத்தேன். மனைவி, மக்கள் என்று தொடங்குவதால் அங்கேயே நின்றுவிட்டேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் பாட்டின் பின்பாதி என்னைப் பிடித்து உலுக்கியது. கேள்வி அவர் தலைமுடியைப் பற்றியது. அவர் உடம்புச் சமாச்சாரம். அதற்குப் பதில் சொல்லும்போது அரசனை ஏன் இழுக்கிறார்? ஊர்ப் பெரியவர்களை ஏன் இழுக்கிறார்? என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. என் உடம்பு நன்றாக இருக்கிறதென்றால் அதில் அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு, அக்கம்பக்கத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்கிறார். கவலைக்கு ஐந்து வாசல். அதில் இரண்டு வாசல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. நல்ல வாழ்க்கையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லவில்லை.

இதில் உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் வரலாம். அரசன் முறைகேடு செய்வதில்லை என்று ஒரு புலவர் சொன்னால் அது முகஸ்துதி ஆகாதா? ஆகாது என்பதற்கு அவருடைய இன்னொரு பாட்டே சாட்சி. அதே புறநானூற்றில் 184. பாண்டியன் அறிவுடைநம்பியிடம் நேரே போய்ச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக உருட்டிக் கொடுத்தால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து விளைச்சல் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கித் தின்றால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குப் போவதைவிடக் காலில் மிதிபட்டுப் போவதுதான் அதிகம். வரி வாங்குகிற முறை தெரிந்தவன் அரசன்; தெரியாதவன் வயலில் புகுந்த யானை.

நான் 31 வருஷம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதினவன். பயிர்க்கடன், நகைக்கடன், உரக்கணக்கு. 'மா' என்ற சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிற சொல். நம் தஞ்சைப் பக்கத்தில் 20 மா ஒரு வேலி. வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் ஒரு மா 33 சென்ட் சொச்சம். 'எத்தனை மா சாகுபடி?' என்று கேட்டுத்தான் நாங்கள் கடன் மனு நிரப்புவோம். இரண்டாயிரம் வருஷம் பழைய பாட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது பேரேட்டில் என் கையெழுத்தைப் பார்த்தது போல இருந்தது. கவிஞர் கணக்குப் போட்டுப் பேசியிருக்கிறார். அரசனைத் திட்டவில்லை, யானைக்குப் பசிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஊட்டுகிற முறையைச் சொல்கிறார். ஒரு மாவையும் நூறு வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இந்த இரண்டு பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. 184 பாடிய வாய்க்குத்தான் 191 பாட உரிமை உண்டு. அரசனிடம் போய் யானைக் கதையைச் சொன்னவர், அதைச் சொன்ன பிறகும் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிந்தவர். அப்படிப்பட்டவருக்கு நரை தாமதமாக வந்திருக்கும்.

இப்போது நாட்டு நடப்புக்கு வருகிறேன். உலகத்தில் என்னென்னவோ நடக்கிறது. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் நம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். குறுவை அறுவடை. சாலையின் ஒரு பாதியில் நெல், ஒரு பாதியில் பஸ். வானம் மூடிக்கொண்டு இருந்தது. எங்கள் சங்கத்தில் பழைய உறுப்பினர் ஒருவர் தார்ப்பாயை விலக்கிவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க செக்ரட்டரி சார். ஆறு நாளா இங்கதான் கிடக்கேன்."

"என்ன சொல்றாங்க?"

"ஈரம் 19-ங்கிறாங்க சார். 17-க்கு மேல எடுக்க உத்தரவு இல்லையாம். முந்தாநாள் 18-க்குக் காஞ்சிருந்துச்சு. ராத்திரி தூறல் போட்டு மறுபடி ஏறிடுச்சு. கைய உள்ள விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்த்தேன். மேலே குளிர்ச்சி, முழங்கை வரை உள்ளே போனால் சூடு. ஈர நெல் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள் வெந்துபோகும். ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தேன். பழைய சாக்கு வாடை. உள்ளங்கையில் கிடந்த நெல்லில் ஏழெட்டு மணியில் வெள்ளையாக முனை எட்டிப் பார்த்தது. குண்டூசித் தலை அளவுகூட இல்லை. அது வேர். விதைத்து, நட்டு, களை பறித்து, அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்த நெல், சாலையில் கிடந்தபடியே மறுபடி பயிராகப் பார்க்கிறது. அவர் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று ஒடிய வேண்டியது, மெத்தென்று நசுங்கியது. அதை அவர் துப்பவில்லை. மென்று விழுங்கிவிட்டார்.

17 சதவீதம் என்ற கணக்கை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு மேல் ஈரம் இருந்தால் கிடங்கில் நெல் கெட்டுப்போகும். ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறவர் வயிற்றையும் பார்க்க வேண்டும். நிலையத்தில் கருவியை வைத்துக்கொண்டு நிற்கிற பையனையும் குறை சொல்லமாட்டேன். அவன் உத்தரவுப்படி நடக்கிறான். ஆனால் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் முட்டிக்கொள்வது யாருக்கும் தெரியாத ரகசியமா? மழை பெய்த பிறகு தளர்வு கேட்டு மனுப் போட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, எத்தனை சதவீதம் வரை எடுக்கலாம் என்று முடிவு வருகிற வரைக்கும் நெல் எங்கே இருக்கும்? சாலையில் இருக்கும். கூரை போட்ட உலர்களம் ஒன்று இருந்தால், அந்த மனிதர் ஆறு ராத்திரி அங்கே படுத்திருக்க வேண்டியதில்லை. யானைக்குக் கவளம் பிடித்து ஊட்டுவது என்று பிசிராந்தையார் சொன்னது இதைத்தான் என்று அந்தச் சாலையோரத்தில் நிற்கும்போது எனக்குப் பட்டது. நெல் வேண்டும் என்பதில் தப்பில்லை. வாங்குகிற முறையில் எவ்வளவு காலில் மிதிபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கவிதை எழுத உட்கார்ந்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஊரில் அதைச் சொல்வது எனக்குக் கஷ்டம். ஆனாலும் இந்த ஊரில்தான் சொல்ல வேண்டும்.

2004 ஜூலை 16. உங்களுக்குத் தேதி சொன்னாலே போதும். பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள். அன்றைக்கு இந்த ஊரில் அடுப்பு பற்றவைக்காத வீடுகள் எத்தனையோ. நான் இரண்டு நாளில் ஒரு நீளமான கவிதை எழுதினேன். ஓர் இரங்கல் கூட்டத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். குரல் உடைய வாசித்தேன். அழுகை உண்மைதான். அதில் பொய் இல்லை. வாசித்து முடித்ததும் கை தட்டினார்கள்.

இரங்கல் கூட்டத்தில் கை தட்டுகிற மாதிரி நான் எழுதியிருந்தேன். தட்டியவர்கள் மேல் தப்பில்லை. கை தட்ட வேண்டிய இடம் எங்கெங்கே என்று அந்தக் கவிதையே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. வரிகளை அப்படி ஏற்றி இறக்கியிருந்தேன். மேடையிலிருந்து இறங்கி வரும்போது முன்வரிசையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. ஒரு துயரத்தின் பக்கத்தில் போய் நிற்பதற்கு முன்னால் அதைப் பற்றி எழுதிவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை. அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் போவது, கேட்பது, கையால் செய்ய ஏதாவது இருந்தால் செய்வது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாக விழுந்தன. போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு நிவாரண விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். கடன் மனு எழுதிப் பழகிய கை. மூன்று நாளும் அதுதான் வேலை. விழுந்த தென்னையைப் பற்றி ஒரு சின்னக் கவிதை வந்தது. அது வர இரண்டு வருஷம் ஆனது. பத்து வரி. யாரும் கை தட்டவில்லை. ஒருவர் கடிதம் எழுதினார். எனக்கு அது போதும்.

இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, "நாட்டில் இவ்வளவு நடக்கிறது, நீங்கள் உடனே எழுதுவதில்லையே" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உடனே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது தம்பி. மனு எழுதுவது, கூட்டத்துக்குப் போவது, ரத்தம் கொடுப்பது, தப்பைத் தப்பு என்று வாய்விட்டுச் சொல்வது. இதில் எதையும் தள்ளிப் போடக் கூடாது. கவிதைக்கு மட்டும் நேரம் கொடு. அது ஊறட்டும்.

எழுத்தில் வயது ஒரு தடை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஊரே பதில் சொல்லும். நான் சொன்ன இரண்டு பாட்டும் அச்சாகிப் புத்தகமாக வந்தது 1894-இல். பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். காவேரிக் கரையில் இருக்கிற நம் கல்லூரியில் அப்போது அவர் தமிழாசிரியர். வகுப்பு எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஏட்டுச் சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து அந்த வேலையைச் செய்தார். 400 பாட்டில் 267-உம் 268-உம் கிடைக்கவில்லை. கிடைக்காததை இட்டுக்கட்டி நிரப்பாமல் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார். எழுதுகிறவர்கள் அந்த வெறுமையான இடத்தை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். அதே சாமிநாதையர் தன் சொந்தக் கதையை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் இறக்கும்வரை எழுதினார். கதை முடியவில்லை. 87 வயது வரை வாழ்ந்தவருடைய சரித்திரம் அவருடைய நடுவயதோடு நின்றுவிட்டது. அதனால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ந. பிச்சமூர்த்தி 1900-இல் இந்த ஊரில் பிறந்தவர். இங்கே வக்கீலாக இருந்து, பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாகப் போனவர். 1934-இல் மணிக்கொடியில் புதுக்கவிதை எழுதிக் காட்டினார். சில வருஷம் எழுதிவிட்டு, அப்புறம் பல வருஷம் கவிதைப் பக்கம் வரவில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது பிச்சமூர்த்திக்கு 58 வயது. ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில் அவர் மீண்டும் எழுதினார். 'காட்டு வாத்து' 1962-இல் வந்தது. தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்ததே அவருடைய இந்த இரண்டாம் பருவத்தில்தான். செல்லப்பா புத்தகக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார் என்பது எங்கள் தலைமுறை கேட்டு வளர்ந்த கதை. நான் 'எழுத்து' இதழ்களைப் பார்த்தபோது அது நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெல்லிய, சாயம் போன தாள். அந்தத் தாளைப் புரட்டித்தான் நான் எழுதக் கற்றுக்கொண்டேன்.

முதுமையைப் பாடிய இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. கிழவனின் கையில் இருக்கிற, தலையில் பூண் போட்ட தடியைத் தன் பாட்டில் பாடினார். அந்தத் தடியே அவருக்குப் பெயராகிவிட்டது. தொடித்தலை விழுத்தண்டினார். இருமலுக்கு நடுவே நாலு சொல் பேசுகிற கிழவர், மடுவில் குதித்துக் கைநிறைய மணல் அள்ளிய இளமையை நினைத்துப் பார்க்கிற பாட்டு அது. எனக்கு அந்தப் பாட்டு உயிர். ஆனாலும் 76 வயதில் எனக்குத் துணை வருகிறவர் பிசிராந்தையார்தான். விழுத்தண்டினார் போன காலத்தைப் பார்க்கிறார். பிசிராந்தையார் தான் வாழ்கிற ஊரைப் பார்க்கிறார்.

அந்த ஊரைப் பற்றித்தான் எனக்கு இப்போது அதிகக் கவலை.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் இடையில் நிறுத்தி வழி விசாரித்தது. அதில் இருந்த வயதான அம்மா ஒருவர், அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நாலு வரிதான் அந்தக் கூட்டத்தின் கையில் இருந்த ஆதாரம். அந்த நாலு வரியை எழுதினவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

50 வருஷமாக எழுதுகிறவன் என்ற முறையில் அந்த நாலு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நான் எழுதிய எதுவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. எழுத்துக்கு ஓர் ஆள் பொறுப்பு வேண்டும். பேரேட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். யார் திருத்தினார் என்று பத்து வருஷம் கழித்தும் தெரிய வேண்டும். சுருக்கொப்பம் இல்லாத எழுத்து ஊரெல்லாம் ஓடுகிறது. அதை அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் வயதுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், காலையில் காபி குடித்துக்கொண்டே அனுப்புகிறவர்கள். நானும் ஒருமுறை அனுப்பியிருக்கிறேன். ஒரு மருந்தைப் பற்றி. தப்பான தகவல். குழுவில் மன்னிப்புக் கேட்டேன்.

பிசிராந்தையார் ஊர்ப் பெரியவர்களைச் சொல்லும்போது அவர்களுடைய படிப்பையோ பணத்தையோ புகழவில்லை. அடங்கியவர்கள் என்று புகழ்கிறார். அடக்கம் என்பது பயம் இல்லை. கூட்டம் ஒரு பக்கம் ஓடும்போது ஓடாமல் நிற்கிற பலம். அன்றைக்கு அந்த இடத்தில் நாலு பேர் முன்னால் வந்து, 'நில்லுங்கப்பா, யாரு என்னன்னு கேப்போம்' என்று கையைக் குறுக்கே நீட்டியிருந்தால் அந்த அம்மா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார். சான்றோர் என்பது பெரிய சொல் என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் கையை நீட்டுகிறவர் சான்றோர்.

அப்படிப்பட்டவர்கள் எங்கே உருவாகிறார்கள்? எனக்குத் தெரிந்து ஓர் இடம், நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடம். இந்தியாவில் ஆரம்ப காலத்திலேயே நூலகத்துக்கென்று சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது, 1948. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நீங்கள் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று ரசீதில் இருக்கும். பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதாவது இந்த மின்விசிறியும் இந்த நாற்காலியும் உங்கள் 10 காசு. யானை கவளமாகச் சாப்பிட்டதற்கு என்னிடம் உதாரணம் கேட்டால் இந்த நூலகத்தைக் காட்டுவேன். காலை எட்டு மணிக்கு இங்கே வந்து பாருங்கள். ஒரு பக்கம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள், பாதிப் பேர் டிபன் பாக்ஸோடு. இன்னொரு பக்கம் என்னைப் போன்றவர்கள், ஆளுக்கு ஒரு பேப்பர். ஒரே செய்தியை மூன்று பேப்பரில் மூன்று விதமாகப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். அந்தப் பழக்கம் இருக்கிறவன் அந்த நாலு வரியைச் சட்டென்று நம்பமாட்டான்.

இன்னொன்று, நம் தெருக்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இப்போது இன்னும் கூடியிருக்கும். என் தெருவில் எதிர்வீட்டில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார்கள். 82 வயது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். வெளிநாட்டில் இருக்கிறார்கள், தினமும் பேசுகிறார்கள். நான் காலையில் வாசல் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்த வீட்டுக் கோலம். குனிய முடியாது அவர்களுக்கு. படிக்கட்டில் உட்கார்ந்து, கை எட்டுகிற அளவுக்கு ஒரு நாலு புள்ளிக் கோலம் போடுவார்கள். ஆறரைக்குள் அது விழுந்திருந்தால் நான் பேப்பர் எடுக்கப் போவேன். ஏழு மணி வரைக்கும் விழவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டுவேன். இரண்டு வருஷத்தில் மூன்று முறை தட்டியிருக்கிறேன். இரண்டு முறை ஒன்றுமில்லை. ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார்கள். இப்போது அவர்களும் என் வீட்டு வாசல் விளக்கு அணைந்ததா என்று பார்ப்பதாகச் சொன்னார்கள். "உங்க வீட்ல லைட் பகல்லயும் எரிஞ்சா நான் போன் பண்ணுவேன் தம்பி" என்றார்கள். 76 வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் இருக்கிறார்.

இதை நான் கவிதையாக எழுதவில்லை. எழுதினால் அந்தக் கோலத்தை நான் பார்க்கிற விதம் மாறிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

கொள்முதல் நிலையத்துக்குப் போய் வந்த அன்று ராத்திரி நான் எழுதியது ஒரு மனு. முதலில் மூன்று பக்கம் வந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இதுல கவிதை வேண்டாங்க. அந்த நெல்லு சூடா இருந்துதுன்னு சொன்னீங்களே, அத எழுதுங்க" என்றாள். அவள் சொன்னது சரி. நாலு நாள் வெட்டி வெட்டி ஒரு பக்கமாக்கினேன். எந்த நிலையம், எத்தனை நாள் நெல் சாலையில் கிடந்தது, ஈரம் எவ்வளவு, முளைவிட்டது எவ்வளவு, கூரை போட்ட உலர்களம் போட அருகில் எந்தப் புறம்போக்கு இடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாத பக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம். அந்தப் பழைய உறுப்பினரும் வருகிறார். மனு வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால் பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.